உங்கள் வீட்டில் என்ன குழம்பு?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, எங்கள் காலனி இரவுப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். தலைப்பு: 'நேற்று எங்கள் வீட்டுச் சமையல்'. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் 23 பிள்ளைகள். ஒரு பக்கம் எழுதினால் போதும் என்றேன். அரை மணி நேரத்தில் நோட்டுகள் வந்துவிட்டன.

வீட்டுக்கு வந்து படித்தேன். 'எங்கள் வீட்டில் இட்லி, சாம்பார், சட்னி.' 'என் அம்மா சாம்பார், ரசம், பொரியல், அப்பளம் செய்தார்.' 'நாங்கள் காய்கறிகள் சாப்பிட்டோம். காய்கறிகள் உடலுக்கு நல்லது.' 23 நோட்டிலும் சாம்பார் கொதித்தது. ஒரே ஒரு பையன் 'கருவாட்டுக் குழம்பு' என்று எழுதி, அதன்மேல் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்திலேயே 'சாம்பார்' என்று எழுதியிருந்தான்.

நேற்று என்பது ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை அந்தத் தெருவில் நானும் நடந்தேன். வேப்பமரத்தடியில் பெரிய கறி கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி வீடுகளில் அம்மியில் மசாலா அரைபட்டது. இன்னொரு கோடியில் வயல் நண்டை இடித்து ரசம் வைக்கும் வாசனை. இந்த 23 பிள்ளைகளில் பாதிப் பேரை நானே கையில் கிண்ணத்தோடு கூறுக்கறி வாங்க நின்றபோது பார்த்தேன்.

யாரும் இவர்களைப் பொய் எழுதச் சொல்லவில்லை. கேட்டது நான், அவர்கள் தெருக்காரன், அவர்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். என்னிடமே ஒளிக்க வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து தெரிந்தது?

ஆயா கொடுத்த டப்பா

எனக்குத் தெரியும். நானும் அதே பாடத்தைப் படித்தவன்தான்.

முதுகலைத் தமிழ் படிக்கப் போனபோது விடுதியில் தங்கினேன். முதல் வருடம் தீபாவளி முடிந்து திரும்பும்போது, என் ஆயா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் ஈசல் வறுத்துக் கொடுத்தார். ஐப்பசி மழைக்குப் புற்றிலிருந்து கிளம்பிய ஈசல். பொரியரிசியும் பொட்டுக்கடலையும் கலந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவியது. "படிக்கிற புள்ள, ராத்திரியில பசிக்கும். வெச்சிக்க" என்றார்.

அன்று இரவு விடுதி அறையில் ஒரு விளையாட்டு நடந்தது. 'நீ சாப்பிட்டதிலேயே விசித்திரமானது எது?' ஒருவன் காளான் என்றான். ஒருவன் காடை முட்டை என்றான். இன்னொருவன், தன் ஊரில் சிலர் எலி தின்பார்கள் என்று ஆரம்பித்தான். அறை முழுக்கச் சிரிப்பு. இரண்டு பேர் வாந்தி எடுப்பதுபோல் நடித்தார்கள். என் முறை வந்தது. "நான் வெறும் கோழிதான்" என்றேன். டப்பா என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

விடியற்காலையில் எழுந்து, விடுதிக்குப் பின்னால் கருவேல மரங்களுக்கு நடுவே அதைக் கொட்டிவிட்டேன்.

அடுத்த மாதமே வகுப்பில் புறநானூறு 119-ஆம் பாட்டு வந்தது. பாரி இறந்த பிறகு கபிலர் பறம்பு நாட்டை நினைத்துப் பாடியது. அந்த நாட்டின் வளத்தைச் சொல்ல வந்த கபிலர் எதைச் சொல்கிறார்? மழை பெய்த காலத்தில், செம்புற்றிலிருந்து எழுந்த ஈசலை மோரில் போட்டுச் செய்த புளிங்கறியைச் சொல்கிறார். அகநானூற்றிலும் ஒரு பாட்டில் ஈசல் போட்டு ஆக்கிய புளிஞ்சோறு விருந்தாக வருகிறது. பேராசிரியர் இதை 'முல்லை நில வளம்' என்று விளக்கினார். எல்லாரும் குறிப்பு எடுத்தோம். யாரும் வாந்தி எடுப்பதுபோல் நடிக்கவில்லை. கபிலர் சாப்பாட்டுக்குத் தேர்வில் ஐந்து மதிப்பெண். அதே சாப்பாடு ஆயாவின் டப்பாவில் இருந்தால் கருவேலங்காட்டுக்குப் போக வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆயா கேட்டார்: "ஈசல் நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு ஆயா" என்றேன். நான் எழுதிய சாம்பார்க் கட்டுரை அதுதான்.

எது விசித்திரம்?

உலகத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்ப்போம். பிரான்சில் நத்தை, பெரிய உணவகங்களில் வெண்ணெயும் பூண்டும் போட்டு வைக்கும் விலை உயர்ந்த பதார்த்தம். சீனாவில் ஒருவகைக் குருவி தன் எச்சிலால் கட்டும் கூட்டைச் சூப்பாக வைத்துக் குடிக்கிறார்கள். அதை வாங்கப் பணக்காரரால்தான் முடியும். ஐரோப்பாவின் பழைய முறைப் பாலாடைக்கட்டிக்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைப் போட்டுத்தான் பாலைத் திரிய வைக்கிறார்கள். நாம் கோயிலில் அபிஷேகம் செய்யும் தேன், தேனீ வயிற்றில் கொண்டுவந்து கக்கியது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் சுமார் 200 கோடிப் பேரின் உணவில் பூச்சிகளுக்கு இடம் உண்டு என்றும், 1,900-க்கும் மேற்பட்ட பூச்சி வகைகள் உண்ணப்படுகின்றன என்றும் சொல்கிறது.

ஆக, எந்தச் சாப்பாடும் தானாக விசித்திரம் ஆவதில்லை. யார் தின்கிறார் என்பதைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வைக்கப்படுகிறது. நட்சத்திர ஓட்டலில் நத்தை தின்பவர் ரசனைக்காரர். வரப்பில் நத்தை பொறுக்குபவர் 'கண்டதையும் தின்பவர்'. நம் தெருவில் கூடையில் விற்றபோது முகம் சுளித்த ரத்தப் பொரியலும் குடல் குழம்பும் இன்று நெடுஞ்சாலை உணவகப் பலகைகளில் 'ஸ்பெஷல்' என்று தொங்குகின்றன.

அறிவும் உழைப்பும்

நம் பிள்ளைகள் மறைக்கிற இந்த உணவுகளுக்குப் பின்னால் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதை நாமே எழுதி வைக்கவில்லை.

ஈசல் எந்த மாலையில் கிளம்பும் என்பது ஆயாவுக்குத் தெரியும். மழை விட்டு, புழுக்கம் ஏறி, புற்றின் வாய் ஈரமாகத் திறந்திருந்தால் அன்று இரவு உண்டு. புற்றுக்குப் பக்கத்தில் விளக்கை வைத்து, வெள்ளை வேட்டியை விரித்துக் காத்திருப்பார்கள். வெளிச்சத்துக்கு வந்து விழும். காலையில் வெயிலில் காயவைத்து, கையால் தேய்த்து, முறத்தில் புடைத்தால் இறக்கை பறந்துவிடும். பிறகு எண்ணெய் இல்லாமலே சட்டியில் வறுக்கலாம். ஈசலிலேயே கொழுப்பு இருக்கிறது.

உப்புக்கண்டம் இன்னொன்று. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஒருநாள் கிடைத்த கறியை மாதக்கணக்கில் காப்பாற்றும் வழி. கறியை நீள நீளமாக வார்போல் அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் போட்டு நல்ல வெயிலில் காய்ந்து விறைக்கும்வரை வைப்பார்கள். காக்கை ஓட்டுவது எங்கள் வேலை. பானையில் கட்டி வைத்து, வேலை இல்லாத மழைக்காலத்தில் எடுத்துத் தணலில் சுட்டு, அம்மியில் தட்டி, மொச்சையோடு குழம்பு வைப்பார்கள். வருமானம் நின்ற நாளில் சோற்றுக்குத் துணை அதுதான்.

வயல் எலி இருளர்களின் அறிவு. அறுவடை முடிந்த வயலில் எது குடியிருக்கும் வளை, எது விட்டுப்போன வளை என்று மண்ணைப் பார்த்துச் சொல்வார்கள். மண்பானையில் வைக்கோலைப் பற்றவைத்து, வாயால் ஊதி வளைக்குள் புகை விடுவார்கள். அந்தப் புகையை ஆண்டுக்கணக்கில் விழுங்கி நுரையீரல் கெட்டவர்கள் பலர். எலி பிடிபட்டால் நிலக்காரருக்கு அடுத்த போகம் மிஞ்சும். வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெற்கதிர் இருளருக்குக் கூலி. அந்த எலியைத் தின்கிறவனைத்தான் ஊர் சிரிக்கிறது. அவன் காப்பாற்றிக் கொடுத்த நெல்லைச் சிரிப்பதில்லை.

எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தின்னுங்கள் என்று நான் எழுதவில்லை. வீட்டெலி, மருந்து வைத்த வயலின் எலி, பூச்சிமருந்து அடித்த வயலின் நண்டும் நத்தையும் ஆபத்து. எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். உடும்பை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும். இவை உடம்பையும் சட்டத்தையும் பற்றிய காரணங்கள். இவற்றை ஏற்கலாம். சாதியைக் காரணமாகக் காட்டுவதை ஏற்க முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கும் மேல் ரத்தசோகை. இறைச்சியில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு கீரையில் உள்ளதைவிட எளிதாக எடுத்துக்கொள்ளும். எங்கள் சந்தையில் மாட்டுக்கறியின் விலை ஆட்டுக்கறி விலையில் பாதிக்கும் கீழே. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைக்கும் கைக்கெட்டும் சத்து இது. இதைக் கேவலம் என்று சொல்பவர், மாற்றாக அவள் தட்டில் எதையும் வைப்பதில்லை.

அண்ணல் சொன்னது எது?

"அம்பேத்கரே மாட்டுக்கறி வேண்டாம் என்றுதானே சொன்னார்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியைத் தின்பதையும், ஊரார் போடும் எச்சில் சோற்றை வாங்குவதையும் விட்டொழியுங்கள் என்று அண்ணல் கேட்டார். செத்த மாட்டை இழுத்துப் போடுவது நம்மீது சுமத்தப்பட்ட வேலை. அந்த இறைச்சிதான் அதற்குக் கூலி என்று கொடுக்கப்பட்டது. அதை விடு என்றால், அடிமை வேலையை விடு, அடிமைக் கூலியை விடு என்று பொருள். 1948-இல் வெளிவந்த 'தீண்டப்படாதார் யார்?' என்ற ஆய்வு நூலில், மாட்டிறைச்சி உண்பது ஒரு காலத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததையும், பின்னர் அதுவே ஒரு மக்களை ஒதுக்கும் காரணமாக ஆனதையும் அவர் விளக்கினார்.

நம் பக்கத்திலும் 'செத்த மாடு எடுக்க மாட்டோம், சாவுக்கு மேளம் அடிக்க மாட்டோம்' என்று தெருக்கூட்டம் போட்டு முடிவெடுத்த பெரியவர்கள் உண்டு. அதற்காக வேலை இழந்தார்கள், அடி வாங்கினார்கள். அவர்களில் சிலர் மாட்டுக்கறியையே விட்டார்கள். அவர்கள் விட்டது சுயமரியாதைக்காக. அந்தப் பெரியவரின் பேரன் இன்று கறிக்கடையில் காசு கொடுத்து ஒரு கிலோ வாங்கிப் போனால், அதுவும் சுயமரியாதைதான். தின்பதும் விடுவதும் நம் முடிவாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

நமக்குள்ளும் ஒரு தட்டு

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லாமல் போகக் கூடாது. 'எங்களைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள்' என்று பேசுகிற நாம், இருளர் குடியிருப்பைத் தாண்டும்போது என்ன பேசுகிறோம்? 'எலி தின்கிறவன்' என்று நம் தெருப் பிள்ளைகளும்தான் சொல்கிறார்கள். பன்றிக்கறி தின்பவரை மாட்டுக்கறி தின்பவர் இளப்பமாகப் பார்க்கிறார். கோழியோடு நிறுத்திக்கொண்ட வீடு, மாட்டுக்கறி வாங்கும் பக்கத்து வீட்டைப் பார்த்து ஜன்னலைச் சாத்துகிறது. மேலே இருந்து வந்த அருவருப்பை நாம் கீழே கைமாற்றி விடுகிறோம். என் விடுதி அறையில் எலிக்கதைக்கு எழுந்த சிரிப்பில் என் சிரிப்பும் இருந்தது. ஈசலை ஒளித்துவைத்தவன்தான் எலிக்குச் சிரித்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் மாட்டிறைச்சி உண்பதற்குத் தடை இல்லை. மாடுகளை வெட்டுவதற்குத்தான் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் முதலான கட்டுப்பாடுகள் இருக்கின்றன. ஆனாலும் பொது மேடையில் இந்த உணவுக்கு இடம் கிடைப்பதில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கும் பேர்போன ஊரில், அதற்கு மட்டும் விழாவில் இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது. இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளி வைத்தார்கள்.

சமைக்கும் கையும் இதில் தப்பவில்லை. காலை உணவுத் திட்டத்தில் பட்டியல் சாதிப் பெண் சமைத்த உப்புமாவைத் தங்கள் பிள்ளைகள் தின்னக் கூடாது என்று பெற்றோர்கள் தடுத்த செய்திகள் 2023-இல் நம் மாநிலத்திலேயே வந்தன. உப்புமாவில் எந்தக் கறியும் இல்லை. ஆக, சிக்கல் கறியில் இல்லை என்பது அங்கே தெளிவாகத் தெரிந்துவிட்டது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை மாணவர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் குற்றங்களை அடுக்கும் மூன்றாவது பிரிவின் முதல் வரிசையில் எது இருக்கிறது? பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ தின்னத் தகாத, அருவருப்பான பொருளைத் தின்னவோ குடிக்கவோ வற்புறுத்துவது. கொலையும் கொள்ளையும் நடக்கும் நாட்டில் இப்படி ஒரு குற்றத்தை முதலில் எழுத வேண்டியிருந்திருக்கிறது. சட்டம் வந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு, 2002-இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில், நியாயத்தின் பக்கம் நின்ற இரண்டு தலித்துகளுக்குச் சூடு போட்டு, ஒருவர் வாயில் மற்றவர் மலத்தைத் திணிக்க வைத்தார்கள்.

இந்த மண்ணில் மனிதர் தின்றதிலேயே விசித்திரமானது எது என்று இனி யாராவது கேட்டால், ஈசலையும் எலியையும் நான் சொல்ல மாட்டேன். திண்ணியத்தைச் சொல்வேன். அதைத் தின்ன வைத்தவர்கள் வீட்டில் அன்று இரவு நிச்சயம் ஏதோ ஒரு நல்ல குழம்பு கொதித்திருக்கும்.

அடைத்த கதவு

சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி வரும். பாணர் வீட்டில் பசி. பெண் குப்பையில் முளைத்த வேளைக் கீரையைக் கொய்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துப் பழிப்பார்களே என்று வெட்கி, கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். வறுமைக்கு எடுத்துக்காட்டு என்று இதை எங்களுக்கு நடத்தினார்கள். எனக்கு இப்போது அந்தக் கீரையைவிட அந்தக் கதவுதான் கண்ணில் நிற்கிறது. பள்ளி மரத்தடியில் டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி மூடிக்கொண்டு, குனிந்து அள்ளி அள்ளித் தின்னும் நம் பிள்ளைகள் அடைப்பதும் அந்தக் கதவைத்தான்.

அடுத்த திங்கட்கிழமை நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். திட்டவில்லை. மதிப்பெண்ணும் போடவில்லை. என் டப்பாக் கதையை அவர்களிடம் சொன்னேன். கருவேலங்காட்டில் கொட்டியது, ஆயாவிடம் பொய் சொன்னது, ஆயா இறந்து பதினோரு வருடம் ஆனது, அந்தப் பொய்யை இனி எடுக்க முடியாதது எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிறகு கருவாட்டை அடித்துவிட்டு எழுதிய பையன் கேட்டான்: "சார், அப்ப இன்னொரு வாட்டி எழுதட்டுங்களா?"

எழுதினார்கள். எல்லாரும் இல்லை. 23 பேரில் ஒன்பது பேர் மீண்டும் சாம்பார்தான் எழுதினார்கள். அவர்களுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, அவசரமும் இல்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்று பக்கம் எழுதியிருந்தாள். உப்புக்கண்டத்தை எந்தப் பக்கம் நார் போகிறதோ அந்தப் பக்கமாக அறுக்க வேண்டும், குறுக்கே அறுத்தால் காயும்போது உதிர்ந்துவிடும், பனிக்காலத்தில் போடக் கூடாது, பூசணம் பிடிக்கும் என்றெல்லாம் எழுதி, கடைசி வரியில் இப்படி முடித்திருந்தாள்: 'இது என் பாட்டிக்குத் தெரியும், என் அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.'

அந்த நோட்டைப் பாடசாலை அலமாரியில் வைத்திருக்கிறேன். ஆசிரியர்கள் யாராவது தங்கள் வகுப்பில் இதே தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை நோட்டில் சாம்பார் வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு உங்கள் வீட்டில் நேற்று என்ன குழம்பு என்பதை நீங்கள் முதலில் சொல்லுங்கள்.